அயர்லாந்தில் எந்த ஊர்? பழைய சென்சஸ் ஏடுகளில் ஒரு முன்னோரைத் தேடும் வழி

அமெரிக்காவில் ஐரிஷ் வழிவந்த குடும்பங்களில் பூட்டன் பூட்டியைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில் வரும்: "பஞ்சத்தின்போது அயர்லாந்திலிருந்து வந்தார்கள்." எந்த ஊர், எந்த ஆண்டு, யாரோடு வந்தார்கள் என்று அடுத்துக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். அந்த இடத்திலிருந்து தேடத் தொடங்குகிறவர்களை மூன்று தவறான நம்பிக்கைகள் பாதி வழியில் நிறுத்துகின்றன. குடியேற வந்தவர்களைச் சோதித்து உள்ளே விட்ட நியூயார்க் துறைமுக நிலையமான எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றி எழுதிவிட்டார்கள் என்பது ஒன்று. அயர்லாந்தின் ஆவணங்கள் எல்லாம் 1922-இல் எரிந்துபோயின என்பது இரண்டாவது. அரசாங்க ஏட்டில் இருக்கும் வயது சரியாகத்தான் இருக்கும் என்பது மூன்றாவது. மூன்றும் தவறு. பழைய சென்சஸ் ஏடு எப்படி உருவானது என்று புரிந்துகொண்டால் ஏன் தவறு என்பதும் தெரியும், எப்படித் தேடுவது என்பதும் தெரியும்.

சென்சஸ் ஏடு எதைப் போன்றது

ரேஷன் கார்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், குடும்பத் தலைவர் யார், யாருக்கு என்ன வயது என்று அதில் இருக்கும். ஆனால் அதில் உள்ள பாட்டியின் வயது, அட்டைக்கு எழுதிக்கொடுத்தவர் சொன்ன வயது. பிறப்புச் சான்றிதழைப் பார்த்து யாரும் எழுதவில்லை. பாட்டி அந்த வீட்டில் இருந்தார் என்பதற்கு அட்டை நல்ல சான்று. அவர் பிறந்த ஆண்டுக்கு அது வெறும் வாய்மொழி.

சென்சஸும் அப்படித்தான். கணக்கெடுப்பாளர், அதாவது வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத அரசு அமர்த்தியவர், கதவைத் தட்டினார். திறந்தவர் சொன்னதை எழுதினார். திறந்தது மனைவியாக இருக்கலாம், பன்னிரண்டு வயதுப் பிள்ளையாக இருக்கலாம், வீட்டில் ஆள் இல்லாததால் பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். பதில் சொன்னது யார் என்று குறித்துவைக்கும் வழக்கம் அமெரிக்காவில் 1940-இல்தான் வந்தது. அந்த ஆண்டு ஏட்டில், தகவல் தந்தவரின் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி இருக்கும். அதற்கு முந்தைய ஏடுகளில் அந்த உதவி இல்லை.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு சென்சஸுக்கும் ஒரு கணக்கு நாள் உண்டு. கணக்கெடுப்பாளர் எந்த நாளில் வந்தாலும், அந்தக் குறிப்பிட்ட நாளில் வீட்டில் யார் இருந்தார்கள் என்றுதான் கேட்க வேண்டும். 1850 முதல் 1900 வரை அது ஜூன் 1. 1910-இல் ஏப்ரல் 15, 1920-இல் ஜனவரி 1, 1930 முதல் ஏப்ரல் 1. 1850 ஜூலையில் பிறந்த குழந்தை, ஆகஸ்டில் எழுதிய ஏட்டில் இல்லையென்றால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஜூன் இறுதியில் இறந்தவர் உயிரோடு இருப்பவராக எழுதப்பட்டிருப்பதும் விதிப்படி சரியே. இந்த விதியை எல்லாக் கணக்கெடுப்பாளரும் ஒழுங்காகப் பின்பற்றவில்லை. அதனால் ஓராண்டு வேறுபாட்டுக்காக ஒரு ஏட்டைத் தள்ளிவிடக் கூடாது.

கடைசியிலிருந்து பின்னோக்கிப் போங்கள்

புதிதாகத் தேடுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, நேராக அயர்லாந்து ஏடுகளைத் திறந்து "பேட்ரிக் மர்ஃபி" என்று தேடுவது. ஆயிரக்கணக்கில் வரும். எது உங்கள் ஆள் என்று சொல்ல எந்த வழியும் இருக்காது.

சரியான திசை இதற்கு நேர்மாறானது. உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஒருவரிடம் தொடங்கி, பத்துப் பத்து ஆண்டுகளாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். அமெரிக்க சென்சஸ் ஏடுகள் 72 ஆண்டுகள் மூடிவைக்கப்பட்டு, பிறகு பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. அதன்படி 1950-ஆம் ஆண்டு ஏடு 2022 ஏப்ரல் 1 அன்று திறந்தது. அங்கே தாத்தாவைக் கண்டுபிடியுங்கள். 1940-இலும் 1930-இலும் அவரைப் பாருங்கள். 1910-இல் அவர் சிறுவனாக இருப்பார், அவருடைய அப்பா குடும்பத் தலைவராக இருப்பார். 1880-இல் அந்த அப்பா சிறுவனாக இருப்பார். இப்படி ஒவ்வொரு கண்ணியாகக் கோத்துக்கொண்டு போனால், கப்பலில் வந்திறங்கியவரிடம் போய்ச் சேரும்போது அவருடைய மனைவி, பிள்ளைகள், தொழில், தெரு, அண்டை வீட்டார் எல்லாம் உங்கள் கையில் இருக்கும். ஒரே பெயருள்ள நூறு பேரிலிருந்து அவரைப் பிரித்துக் காட்டப்போவது இந்தத் துணைத் தகவல்கள்தான்.

ஏடுகளின் படங்களை ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், கணக்குத் தொடங்கினால் போதும். ஆன்செஸ்ட்ரி கட்டணத் தளம். எதில் பார்த்தாலும் தேடலில் வரும் தட்டச்சு வரியோடு நிறுத்தாமல், மூல ஏட்டின் படத்தைத் திறந்து படியுங்கள். தட்டச்சு வரி என்பது பழைய கையெழுத்தை இன்னொருவர் படித்துப் பெயர்த்து எழுதியது. அதில் எல்லாப் பத்திகளும் இருக்காது. பிழைகள் இருக்கும். எல்லாவற்றையும்விட, அண்டை வீட்டார் அதில் தெரிய மாட்டார்கள்.

ஒவ்வொரு பத்தாண்டும் என்ன கேட்டது

1790 முதல் 1840 வரை அமெரிக்க சென்சஸில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். மற்றவர்கள் வயதுவாரியாக வெறும் எண்ணிக்கை. சுதந்திர மனிதர் ஒவ்வொருவருடைய பெயரையும் எழுதிய முதல் சென்சஸ் 1850. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களை 1850, 1860 இரண்டிலும் தனி ஏட்டில் பெயரில்லாமல் எண்ணினார்கள். ஐரிஷ் தேடலுக்கு 1850 மிக வாய்ப்பான ஆண்டு. அயர்லாந்தின் பெரும்பஞ்சம் 1845-இல் தொடங்கி 1852 வரை நீடித்தது. சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள், அதே அளவிலோ அதற்கு மேலோ நாட்டைவிட்டுப் போனார்கள். அவர்களில் முதல் அலையில் வந்தவர்களை 1850 ஏடு பெயரோடும் வயதோடும் பிறந்த நாட்டோடும் பிடித்துவைத்திருக்கிறது.

ஆனால் 1850, 1860, 1870 மூன்றிலும் உறவுமுறை எழுதப்படவில்லை. ஒரே வீட்டில் நாற்பது வயது ஆணும் முப்பத்தெட்டு வயதுப் பெண்ணும் நாலு பிள்ளைகளும் இருந்தால் கணவன், மனைவி, மக்கள் என்று நாமாக முடிவுகட்டிவிடுகிறோம். அந்தப் பெண் தங்கையாக இருக்கலாம், இரண்டாம் தாரமாக இருக்கலாம். பிள்ளைகளில் ஒருவர் இறந்துபோன அண்ணனின் மகனாக இருக்கலாம். "குடும்பத் தலைவருக்கு என்ன உறவு" என்ற கேள்வி 1880-இல்தான் வந்தது. தந்தையும் தாயும் எந்த நாட்டில் பிறந்தார்கள் என்பதையும் அதே ஆண்டு முதல் எழுதினார்கள். 1870-இல் அதற்கு ஒரு கோடு மட்டும் இருக்கும்: பெற்றோர் வெளிநாட்டில் பிறந்தவர்களா, இல்லையா என்று.

தேடுகிறவருக்கு எல்லாவற்றிலும் அள்ளித்தருவது 1900-ஆம் ஆண்டு ஏடு. பிறந்த மாதமும் ஆண்டும், திருமணமாகி எத்தனை ஆண்டு, நாட்டுக்கு வந்த ஆண்டு, குடியுரிமை நிலை ஆகியவற்றோடு இன்னொரு பத்தியும் அதில் உண்டு. தாய்மார்களிடம் "எத்தனை பிள்ளை பெற்றீர்கள், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள்" என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒன்பது, ஐந்து என்று இருந்தால், காணாத நான்கு குழந்தைகளை ஞானஸ்நானப் பதிவேட்டிலும் இறப்புப் பதிவேட்டிலும் தேட வேண்டும் என்று பொருள். அந்தக் குழந்தைகளின் பதிவுகளில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் கிடைப்பது உண்டு. வளர்ந்த பிள்ளைகளின் ஏடுகளில் கிடைக்காத செய்தி அது.

குடியுரிமைப் பத்தியில் இரண்டெழுத்துச் சுருக்கங்கள் இருக்கும். ஏ-எல் என்றால் இன்னும் அந்நியக் குடிமகன். பி-ஏ என்றால் முதல் தாள் போட்டவர், அதாவது அமெரிக்கக் குடிமகனாகும் விருப்பத்தை நீதிமன்றத்தில் பதிந்தவர். என்-ஏ என்றால் குடியுரிமை பெற்றுவிட்டவர். 1920 ஏடு குடியுரிமை பெற்ற ஆண்டையும் கேட்டது. அந்த ஆண்டு தெரிந்தால் எந்த நீதிமன்றத்தில் எந்தக் கட்டைத் தேடுவது என்பது எளிதாகும்.

சுருக்கமாக: 1850-க்கு முன் தலைவர் பெயர் மட்டும். 1850 முதல் எல்லோர் பெயரும். 1880 முதல் உறவுமுறை. 1900 முதல் நாட்டுக்கு வந்த ஆண்டு.

வயது ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது

1860-இல் 30, 1870-இல் 38, 1880-இல் 50. இது ஒரே ஆளாக இருக்க முடியுமா? தாராளமாக இருக்கலாம். அயர்லாந்தில் கத்தோலிக்கருக்கும் சேர்த்துப் பிறப்புகளை அரசு பதியத் தொடங்கியது 1864-இல்தான். அதற்கு முன் பிறந்த ஏழைக் குடியானவர் பலருக்குத் தம் பிறந்த நாள் தெரியாது. யாராவது கேட்டால் 30, 40, 50 என்று முழு எண்ணாகச் சொல்வார்கள். அதனால் பிறந்த ஆண்டைத் தேடலில் இடும்போது முன்னும் பின்னும் ஐந்து ஆண்டு இடம் விடுங்கள். வயது மட்டும் பொருந்தவில்லை, மனைவி பெயரும் பிள்ளைகளின் வரிசையும் தொழிலும் பொருந்துகின்றன என்றால் அந்த ஏட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்டுக்கு வந்த ஆண்டும் இப்படித்தான். 1900, 1910, 1920 மூன்றிலும் மூன்று ஆண்டுகள் இருப்பது சாதாரணம். மூன்றையும் குறித்துக்கொண்டு, அந்த எல்லைக்குள் கப்பல் பட்டியலைத் தேட வேண்டும்.

பெயர்: யாரும் மாற்றவில்லை, ஆனால் நிலையாகவும் இல்லை

எல்லிஸ் தீவுக் கதையை முதலில் முடித்துவிடலாம். அந்த நிலையம் திறந்ததே 1892 ஜனவரி 1-இல். பஞ்சக் காலத்தில் வந்தவர் யாரும் அதைப் பார்த்திருக்க முடியாது. அதன் பிறகு வந்தவர்களின் பெயரும் அங்கே எழுதப்படவில்லை. பயணிகள் பட்டியலைப் புறப்படும் துறைமுகத்திலேயே கப்பல் கம்பெனிக்காரர்கள் எழுதினார்கள். தீவில் இருந்த அதிகாரிகள் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்த்தார்கள்.

பெயர் மாறியது வேறு காரணங்களால். எழுதப் படிக்கத் தெரியாதவர் தம் பெயரைச் சொல்வார், கணக்கெடுப்பாளர் தம் காதுக்குக் கேட்டபடி எழுதுவார். ஒரே குடும்பம் ரைலி, ரெய்லி, ஓ'ரெய்லி என்று மூன்று பத்தாண்டுகளில் மூன்று எழுத்துக்கூட்டலில் இருக்கும். முன்னால் வரும் ஓ, மெக் இரண்டும் ஒரு தலைமுறையில் உதிர்ந்து அடுத்த தலைமுறையில் திரும்பி வருவதும் உண்டு.

இதைச் சமாளிக்கத்தான் சவுண்டெக்ஸ் என்ற முறை வந்தது. ஒலியால் ஒத்த பெயர்களுக்கு ஒரே குறியீடு தருவதுதான் சவுண்டெக்ஸ். முதல் எழுத்தை அப்படியே வைத்து, பின்னால் வரும் மெய்களுக்கு ஓரெண் கொடுத்து, உயிரெழுத்துகளையும் எச், டபிள்யூ, ஒய் ஆகியவற்றையும் விட்டுவிடுவார்கள். எண் மூன்றுக்குக் குறைந்தால் சுழியம் சேர்ப்பார்கள். இதற்கு அமெரிக்காவில் 1918-இல் காப்புரிமை வழங்கப்பட்டது. சென்சஸ் ஏடுகளுக்கு இந்த முறையில் அட்டைகள் எழுதியது 1930-களில். ரைலி, ரெய்லி இரண்டும் ஆர்-400 ஆகிவிடும், ஒரே தேடலில் இரண்டும் வரும்.

ஆனால் ஐரிஷ் பெயர்களில் இந்த முறை பல இடங்களில் கைவிடும். ஓ'ரெய்லியின் முதல் எழுத்து ஓ என்பதால் அது ஓ-640 ஆகிறது. மாஹர் என்று ஒலிக்கும் குடும்பப் பெயரை நடுவில் ஜி போட்டும் எழுதுவார்கள், போடாமலும் எழுதுவார்கள். வாயில் ஒன்றே, குறியீட்டில் ஒன்று எம்-260, இன்னொன்று எம்-600. கியோ என்ற பெயரும் இப்படியே கே-200, கே-000 என்று பிரிந்துபோகும். "ஒத்த ஒலிப் பெயர்களையும் காட்டு" என்ற பொத்தானை அழுத்திவிட்டு, ஆள் இல்லை என்று முடிவுகட்டுகிறவர்கள் இழப்பது இந்த இடத்தில்தான். உங்கள் குடும்பப் பெயருக்கு இருக்கக்கூடிய எழுத்துக்கூட்டல்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் தனியாகத் தேடுங்கள்.

முதற்பெயரிலும் ஒரு தனிப் பழக்கம் உண்டு. பிரிட்ஜெட் என்று ஞானஸ்நானம் பெற்றவர் டெலியா, பிடி, பெடிலியா என்று எந்தப் பெயரிலும் இருக்கலாம். ஹொனோரா என்பவர் நோரா, ஹானா ஆவார். ஜெரமையா என்பவர் டார்பி. கார்னீலியஸ் என்பவர் கான் அல்லது நீல். 1870-இல் பிரிட்ஜெட், 1880-இல் டெலியா என்று பார்த்ததும் முதல் மனைவி இறந்து மறுமணம் நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பிறந்த ஆண்டும் பிள்ளைகளும் பொருந்தினால் அவர் அதே பெண்தான்.

அப்படியும் ஆள் கிடைக்கவில்லையென்றால், குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். முதற்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த நாடு அயர்லாந்து, வசித்த மாவட்டம் இவற்றை மட்டும் கொடுங்கள். அல்லது அப்பாவை விட்டுவிட்டு, பிள்ளைகளில் அபூர்வப் பெயர் உள்ளவரைத் தேடுங்கள். ஜான்களும் மேரிகளும் நிறைந்த வீட்டில் ஒரு சைமன் இருந்தால் அவர் வழியாகவே குடும்பம் மொத்தமும் கிடைக்கும்.

பிள்ளைகள் பிறந்த இடமே பயண வரைபடம்

கப்பல் பட்டியல் கிடைக்காதபோதும் ஒரு குடும்பம் எப்போது கடல் கடந்தது என்று சென்சஸிலிருந்தே சொல்லிவிடலாம். 1860 ஏட்டில் ஒரு வீடு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: மூத்த மகன் 13 வயது, பிறந்தது அயர்லாந்து. அடுத்த மகள் 10 வயது, பிறந்தது இங்கிலாந்து. மூன்றாவது மகன் 7 வயது, பிறந்தது நியூயார்க்.

கணக்குப் போடுங்கள். மூத்தவன் பிறந்தது சுமார் 1847, இரண்டாமவள் 1850, மூன்றாமவன் 1853. குடும்பம் 1847-க்கும் 1850-க்கும் இடையில் அயர்லாந்தை விட்டது. 1850-க்கும் 1853-க்கும் இடையில் அட்லாண்டிக்கைக் கடந்தது. இடையில் இங்கிலாந்தில் தங்கியிருக்கிறது. லிவர்பூல் வழியாகப் போன ஏராளமான ஐரிஷ் மக்கள் டிக்கெட்டுக்குப் பணம் சேரும்வரை இங்கிலாந்தில் கூலிவேலை செய்தார்கள். அப்படியானால் 1851 மார்ச் 30 அன்று எடுத்த இங்கிலாந்து சென்சஸில் இதே குடும்பம் இருக்க வாய்ப்புண்டு. மகளின் ஞானஸ்நானம் அங்கே ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்தில் நடந்திருக்கும். அமெரிக்க ஏட்டின் ஒரே ஒரு பத்தியிலிருந்து தேட வேண்டிய நாடும் நகரமும் ஆண்டும் கிடைத்துவிட்டன.

ஒரே பெயரில் இன்னொருவர்

எல்லிஸ் தீவில் முதலில் இறங்கியவர் ஆனி மூர் என்ற பெண், அயர்லாந்தின் கார்க் ஊர்க்காரர். நெவாடா என்ற கப்பலில் இரண்டு தம்பிகளோடு வந்தார். பல பத்தாண்டுகளாக, அவர் பின்னர் மேற்கே டெக்சாஸுக்குப் போய் வாழ்ந்தார் என்றே எல்லோரும் நம்பினார்கள். 2006-இல் மரபுவழி ஆய்வாளர் மேகன் ஸ்மோலென்யாக் அந்த டெக்சாஸ் ஆனி மூர் வேறொருவர் என்று நிறுவினார். டெக்சாஸ்காரர் குடியேறி வந்தவரே இல்லை, சென்சஸ் ஏட்டில் அவர் பிறந்த இடம் இலினாய் மாநிலம் என்றிருந்தது. உண்மையான ஆனி மூர் நியூயார்க்கை விட்டே போகவில்லை. மான்ஹாட்டனின் கீழ்க் கிழக்குப் பகுதியில் திருமணம் செய்து, பல பிள்ளைகள் பெற்று, அவர்களில் சிலரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்து, 1924-இல் இறந்திருந்தார்.

நாடறிந்த ஒருவர் விஷயத்திலேயே இவ்வளவு காலம் தவறு நின்றது என்றால், நம் வம்சாவளி மரத்தில் தவறான ஆள் வந்து உட்கார எவ்வளவு நேரம் ஆகும்? பெயரும் தோராய வயதும் பொருந்தினால் போதாது. குறைந்தது இன்னும் இரண்டு தகவல்கள் பொருந்த வேண்டும்: மனைவியின் பெயர், பிள்ளைகளின் வரிசை, தெரு, தொழில், தேவாலயம் இவற்றில் ஏதாவது இரண்டு. பொருந்தாத ஒன்று இருந்தால் அதை ஒதுக்கிவிடாமல் காரணம் தேடுங்கள். பிறந்த இடம் இலினாய் என்று ஒரு ஏட்டில் மட்டும் இருந்தால் பிழையாக இருக்கலாம். ஏட்டுக்கு ஏடு அதுவே இருந்தால் ஆள் வேறு.

அண்டை வீட்டாரையும் பாருங்கள். ஐரிஷ் மக்கள் தனித்தனியாக வரவில்லை. அண்ணன் முதலில் வந்து வேலை தேடிக்கொண்டு தங்கைக்கு டிக்கெட் அனுப்புவார், தங்கை மச்சானுக்கு அனுப்புவாள். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே தெருவில் குடியிருந்தார்கள். அதனால் உங்கள் ஆள் இருக்கும் பக்கத்துக்கு முன் இரண்டு பக்கம், பின் இரண்டு பக்கம் படியுங்கள். வீட்டில் தங்கியிருக்கும் வாடகையாளர், மாமியார், மைத்துனர் யாரையும் விடாதீர்கள். 1880-க்குப் பிறகு ஒரு வீட்டில் "மாமியார்" என்று ஒருவர் இருந்தால், அவருடைய குடும்பப் பெயர்தான் பெரும்பாலும் மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர்.

1890 என்ற பள்ளம்

1921 ஜனவரியில் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் நடந்த தீவிபத்தில் 1890 சென்சஸ் ஏடுகள் பெரும்பாலும் கருகின, நனைந்தன. மிஞ்சியதையும் பின்னர் அழித்துவிட்டார்கள். இதனால் 1880-இலிருந்து 1900-க்கு ஒரே தாவாகத் தாவ வேண்டியிருக்கிறது. 1880-இல் ஐந்து வயதாக இருந்த பெண் 1900-இல் 25 வயதில் கணவர் வீட்டில் வேறு குடும்பப் பெயரில் இருப்பாள்.

இந்தப் பள்ளத்தைத் தாண்ட மாநில சென்சஸ் உதவும். நியூயார்க் மாநிலம் 1855, 1865, 1875, 1892, 1905, 1915, 1925 ஆகிய ஆண்டுகளில் சொந்தமாகக் கணக்கெடுத்தது. 1855 ஏட்டில் உறவுமுறையும் உண்டு, அந்த ஊரில் எத்தனை ஆண்டுகளாக வசிக்கிறார் என்பதும் உண்டு. தேசிய சென்சஸ் உறவுமுறை கேட்பதற்கு 25 ஆண்டுகள் முன்பே! மாநில ஏடு இல்லாத இடங்களில் நகர முகவரிப் புத்தகங்களை ஆண்டுவாரியாகப் பார்க்கலாம். பெயர், தொழில், வீட்டு முகவரி இருக்கும். கணவர் இறந்த அடுத்த ஆண்டே மனைவி "இன்னாரின் விதவை" என்று அதில் வருவார்.

சென்சஸ் சொல்லாத ஒன்று

இத்தனை ஏடுகளையும் படித்து முடித்த பிறகும் பிறந்த இடம் என்ற பத்தியில் பெரும்பாலும் ஒரே சொல்தான் இருக்கும்: அயர்லாந்து. அந்நாட்டு ஆவணங்களைத் திறக்க அது போதாது. அங்கே எல்லாம் டவுன்லேண்ட் என்ற அலகில் அடுக்கப்பட்டிருக்கிறது. டவுன்லேண்ட் என்பது பெயரில் டவுன் இருந்தாலும் நகரம் அல்ல, சில வீடுகளும் வயல்களும் கொண்ட மிகச் சிறிய நிலப் பிரிவு. நாடெங்கும் 60,000-க்கு மேல் இருக்கின்றன. பல டவுன்லேண்டுகள் சேர்ந்தது பங்கு (ஆங்கிலத்தில் பாரிஷ்), பங்குகள் சேர்ந்தது கவுன்ட்டி. கவுன்ட்டிகள் மொத்தம் 32.

டவுன்லேண்ட் பெயரை அமெரிக்காவில்தான் தேடிப் பிடிக்க வேண்டும். சென்சஸ் அதைச் சொல்லாது, ஆனால் எங்கே கேட்பது என்று சொல்லும். வசித்த தெரு தெரிந்தால் எந்தத் தேவாலயம் என்று தெரியும், அதன் திருமணப் பதிவேட்டில் சில பாதிரியார்கள் சொந்த ஊரை எழுதியிருப்பார்கள். இறந்த ஆண்டு தெரிந்தால் கல்லறைக் கல்லையும் இரங்கல் செய்தியையும் தேடலாம். குடியுரிமைத் தாள்களில் 1906 செப்டம்பருக்கு முந்தையவற்றில் பெரும்பாலும் "அயர்லாந்து" மட்டுமே இருக்கும், பிந்தையவற்றில் பிறந்த ஊரும் நாளும் இருக்கும். நியூயார்க்கில் 1850-இல் தொடங்கிய எமிக்ரன்ட் சேமிப்பு வங்கியின் பழைய ஏடுகள் ஒரு புதையல். கணக்கு வைத்திருப்பவரை அடையாளம் காணச் சொந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர் விவரங்களை எழுதிவைத்தார்கள். பாஸ்டன் நகரின் பைலட் பத்திரிகை 1831 முதல் 1921 வரை, பிரிந்துபோன உறவினரைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டது. இன்ன கவுன்ட்டி, இன்ன பங்கு, இன்ன டவுன்லேண்ட்காரர் என்று அவற்றில் இருக்கும்.

இதுவரை சொன்னதன் சாரம்: அமெரிக்க சென்சஸ் ஆளை அடையாளம் காட்டும், தேவாலயமும் வங்கியும் கல்லறையும் ஊரைக் காட்டும். ஊர் தெரிந்த பிறகே அயர்லாந்து ஏடுகளைத் திறக்க வேண்டும்.

அயர்லாந்துப் பக்கத்தில் என்ன மிஞ்சியிருக்கிறது

அயர்லாந்தில் 1821 முதல் 1911 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை சென்சஸ் நடந்தது. 1922 ஜூன் இறுதியில், உள்நாட்டுப் போரின்போது டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான ஏடுகள் சில கவுன்ட்டிகளின் துண்டுகள் தவிர அங்கேதான் போயின. ஆனால் 1861, 1871 ஏடுகளை எண்ணிக்கை எடுத்த பிறகு அரசே அழித்துவிட்டது. 1881, 1891 ஏடுகள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கப்பட்டன. அந்தத் தீ இவற்றைத் தொடவில்லை.

1901, 1911 இரண்டும் முழுமையாக இருக்கின்றன. அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். அடுத்த சென்சஸ் 1926 ஏப்ரல் 18-இல் நடந்தது, அதற்கு நூறாண்டு விதி, அதாவது நூறாண்டு கழிந்த பிறகே பொதுமக்களுக்குத் திறக்கும் விதி. சிவில் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் அந்தத் தீயில் சிக்கவே இல்லை, ஏனென்றால் அவை வேறு இடத்தில் இருந்தன. கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள் பங்குகளிலேயே இருந்தன. அவற்றின் படங்கள் தேசிய நூலகத் தளத்தில், பெரும்பாலும் 1880 வரை, இலவசமாகக் கிடைக்கின்றன. காணாமல் போன சென்சஸுக்கு ஈடாக கிரிஃபித் மதிப்பீடு இருக்கிறது. 1847 முதல் 1864 வரை வரி நிர்ணயத்துக்காக ஒவ்வொரு டவுன்லேண்டிலும் நிலமும் வீடும் வைத்திருந்தவர் பெயர், நிலவுடைமையாளர் பெயர், பரப்பளவு ஆகியவற்றைத் தொகுத்தது அது. குடும்பத் தலைவர் மட்டுமே இருப்பார். உங்கள் ஆள் 1847-இலேயே கப்பலேறியிருந்தாலும் அவருடைய அப்பாவோ அண்ணனோ அங்கே இருக்கக்கூடும்.

எரிந்துபோன சென்சஸின் சில வரிகள் எதிர்பாராத வழியில் உயிர் பிழைத்தன. 1908-இல் சட்டமாகி 1909 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த முதியோர் ஓய்வூதியம் 70 வயது நிரம்பியவர்களுக்கு. அவர்கள் 1839-க்கு முன் பிறந்தவர்கள், பிறப்புப் பதிவு தொடங்கியது 1864-இல். எதைக் காட்டுவது? பெற்றோர் பெயரையும் டவுன்லேண்டையும் எழுதிக்கொடுத்தால், அதிகாரிகள் அன்று இருந்த 1841, 1851 சென்சஸ் ஏடுகளில் தேடி, குழந்தையாக அவர் பெயரும் வயதும் இருக்கிறதா என்று பார்த்து ஒரு படிவத்தில் குறித்தார்கள். ஏடுகள் போய்விட்டன, படிவங்கள் இருக்கின்றன. அவையும் காப்பகத் தளத்தில் தேடக் கிடைக்கின்றன. உங்கள் ஆள் அமெரிக்காவுக்குப் போயிருந்தாலும், ஊரிலேயே இருந்த அவருடைய தங்கை ஓய்வூதியம் கேட்டிருந்தால், அந்தப் படிவத்தில் 1851-இல் வீட்டில் இருந்த பெற்றோர் பெயர் கிடைத்துவிடும். 1901-இல் 58 என்று எழுதப்பட்ட ஒருவர் 1911-இல் 71 ஆவதும் இந்த ஓய்வூதியத்தால்தான். அதனால் அயர்லாந்து ஏட்டிலும் வயதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டவுன்லேண்ட் கிடைத்ததும் 1901 ஏட்டில் அங்கே உங்கள் குடும்பப் பெயர் உள்ள வீட்டைத் திறங்கள். முன்னோர் புறப்பட்டு ஐம்பது ஆண்டு ஆகியிருந்தாலும் அண்ணன் மகன் அதே நிலத்தில் இருப்பது அபூர்வமல்ல. 1911 படிவமாக இருந்தால் அதைக் குடும்பத் தலைவரே நிரப்பியிருக்கலாம், அடியில் அவர் கையொப்பம் இருக்கும். எழுதத் தெரியாதவர் இட்ட பெருக்கல் குறியாகவும் இருக்கலாம். மொழிப் பத்தியில் கிழவருக்கு "ஐரிஷ்", மகனுக்கு "ஐரிஷும் ஆங்கிலமும்", பேரனுக்கு வெறும் கோடு என்று பார்க்கலாம். அங்கேயே நின்றுவிடாமல் அதே டவுன்லேண்டின் பி-1 படிவத்தையும் திறங்கள், பலர் அதைப் பார்க்காமலே போகிறார்கள். சுவர் கல்லா மண்ணா, கூரை ஓடா வைக்கோலா, எத்தனை அறை, வாசல் பக்கம் எத்தனை சன்னல் என்று கணக்கெடுத்த போலீஸ்காரர் எண்களால் எழுதியிருப்பார். பி-2 படிவத்தில் மாட்டுத் தொழுவமும் கோழிக் கூண்டும்கூட இருக்கும்.